உடனிருப்பவர் படிவம்

ஜூன் 10, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஆய்வு நடத்தும் எஸ்தர் மேடம் இன்றிலிருந்து ஆறு வாரம் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். என்ன செய்தேன், என்ன மறந்தேன், மனம் பத்துக்கு எத்தனை. அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷமாகக் கோர்ட்டில் ஊரார் சொன்னதை எழுதியே பழகிய கைக்குச் சொந்தக் கதை எழுத என்ன கேடு. ஆனால் சுருக்கெழுத்தில்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன். "யாராலயும் படிக்க முடியாதேம்மா" என்றார். அதனால்தான் என்றேன். வேண்டியதை நானே வாசித்துக் காட்டுவதாகப் பேச்சு.

ஆரம்பம் என்பதால் விவரம். பெயர் வசுமதி, வயது நாற்பத்தொன்பது, திருச்சி உறையூர். என் உடம்பில் எதிர்ப்புச் சக்திக்கான புரதம் சரியாக ஊறுவதில்லை. அபூர்வ நோய் என்று சொல்லி வருகிற பயிற்சி மருத்துவர்கள் எல்லாரும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்று முறை நிமோனியா வந்த பிறகுதான் பெயரையே கண்டுபிடித்தார்கள். நாலு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒரு வியாழன், காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை, யார் யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த அந்தப் புரதத்தைப் பாட்டில் பாட்டிலாக ஏற்றிக்கொள்கிறேன். சைனஸில் வாசனை போயே போய்விட்டது. மல்லியும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான்.

மார்ச்சில் ஒரு குறுக்கு விசாரணையில் சாட்சியின் இரண்டு பதில்களை விட்டுவிட்டேன். அன்றைக்கு 102 காய்ச்சல். இருந்தாலும் விட்டது விட்டதுதான். நானாகத்தான் விடுப்பு கேட்டேன். திரும்பிச் சேர வேண்டுமானால் நினைவும் மனமும் சரியாக இருப்பதாகச் சான்று வேண்டும். இந்த நோய்க்காரர்களின் ஞாபகசக்தியையும் மனநிலையையும் பற்றி ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடக்கிறது, அதில் சேர்ந்தால் சோதனையும் ஆகும் சான்றும் ஆகும் என்றார்கள். எனக்கு வேலை வேண்டும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் நான் நானாக இருக்கிறேன்.

இன்று பத்து வார்த்தை வாசித்தார். பாய், படகு, எலுமிச்சை, தபால், மூக்குத்தி, சாலை, கயிறு, மேகம், தட்டு, நரி. பத்தையும் சொன்னேன். வீட்டில் இருப்பவர் நிரப்ப ஒரு படிவமும் கொடுத்தார். 'உடனிருப்பவர் படிவம்' என்று மேலே போட்டிருந்தது. என் வீட்டுக்காரர் பாஸ்கரன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஏழேகாலுக்கு நானும் மகள் மிருதுளாவும் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு வரன் பார்க்கும் தரகர் மூன்று நாளாகப் போன் செய்கிறார், என் தலையைக் கண்டால் எழுந்து மாடிக்குப் போய்ப் பேசுகிறாள். என்னடி ரகசியம் என்று கேட்டேன். "உன்கிட்ட சொல்லாம நான் எதாவது பண்ணியிருக்கேனாம்மா?" என்றாள். வெங்காயம் இருவருக்கும் கண்ணைக் கரித்தது.

மனம்: 7.

ஜூன் 11, செவ்வாய்

வாழைத்தண்டுப் பொரியல், கரண்ட் கட் ஆகும் முன் மாவு அரைத்தேன், எதிர்வீட்டுக்காரி பேத்தியைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போனாள். மறந்தது எதுவும் இல்லை, உளுந்தில் கொஞ்சம் உப்பு தவிர. மனம் 7.

ஜூன் 15, சனி

பத்து மணிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து நிற்கிறான். எனக்குத் தலையும் தெரியவில்லை வாலும் தெரியவில்லை. வெள்ளையடித்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"செவ்வாக்கிழமையே சொன்னேனே வசு. நீயும் சரின்னு தலைய ஆட்டுன" என்றார் இவர்.

செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். வாழைத்தண்டு, கரண்ட் கட், பேத்தியைப் பற்றி எதிர்வீட்டுக்காரி புலம்பியது எல்லாம் இருக்கிறது. வெள்ளை இல்லை. எழுத விட்டுப்போயிருக்கும். தலையை ஆட்டியது என் தலைதான் என்றால் எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி வாய்வரை வந்தது, கேட்கவில்லை.

மறந்தது: ஒன்று. மனம்: 5.

ஜூன் 18, செவ்வாய்

பீரோவில் என் அரக்குப் பட்டு இல்லை. மிருதுளா பிறந்தபோது இவர் காஞ்சிபுரம் போய் எடுத்து வந்தது. நடையில் நின்று கேட்டேன்.

"நீதானம்மா பாலிஷுக்குக் குடுக்கச் சொன்ன" என்றாள் மிருதுளா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எப்ப சொன்னேன்?"

"போன வாரம்மா. விடு, ஞாபகம் இல்லாட்டி பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' எனக்குப் பிடிக்கவில்லை. மருந்து கலக்கும் நர்ஸ் குழந்தைகளிடம் அப்படித்தான் சொல்வாள். இனிமேல் யார் எது சொன்னாலும் சொன்ன நிமிஷமே எழுதுவது என்று முடிவு செய்து, ஒரு சின்ன நோட்டைப் புடவை மடிப்பில் செருகிக்கொண்டேன்.

மறந்தது: இரண்டு. மனம்: 4.

ஜூன் 21, வெள்ளி

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பாட்டில் ஏற்றுவதற்கு முந்தைய வாரம் எனக்கு எப்போதும் மூளைக்குள் பனி மூட்டம்தான். பாலை வைத்துவிட்டு அது பொங்கி வழிவதை நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாவு சலிப்பதன் பெயர் வாயில் வரவே இல்லை. "அது, அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே" என்று நான் திணற, மிருதுளா சல்லடையை எடுத்துக் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார்.

பத்து வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். ஏழுதான் வந்தது. தட்டும் மேகமும் நரியும் எங்கே போய்த் தொலைந்தன.

ஆக, அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். மனம்: 3.

ஜூன் 27, வியாழன்

பாட்டில் நாள். நாலு வருஷத்தில் முதல் முறையாக இவர் என்னோடு உட்காரவில்லை. ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷனாம். மின்வாரியத்தில் இவர் பிரிவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் எப்போதும் மார்ச்சில் வரும். கட்டிலில் படுத்து, மூன்றாவது பாட்டில் வரைக்கும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் பையனின் அம்மா பாதி ஆரஞ்சு கொடுத்தாள்.

மூன்று மணிக்கு முடிந்தது, இவர் ஐந்தரைக்கு வந்தார். புதுச் சட்டை. காலர் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. நர்ஸ் புனிதா, "என்ன சார், கல்யாண வீட்டு வாசம் வருது" என்றாள். ஆபீஸில் ஒருத்தர் பையனுக்கு ஏதோ விசேஷம், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்றார். நெற்றியில் சந்தனத்தைத் துடைத்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனுஷன். களைப்பில் தூங்கிவிட்டேன். மனம்: 6.

ஜூன் 28, வெள்ளி

ஃபிரிட்ஜுக்கு மேலே ஆறு தேங்காய். ஆபீஸ் விசேஷத்தில் ஒருவருக்கு ஆறு தேங்காய் கொடுக்கிறார்கள் போல.

மிருதுளா உள்ளங்கையில் மருதாணி. தோழி வைத்துவிட்டாளாம். நன்றாகச் சிவந்திருக்கிறது.

ஜூலை 2, செவ்வாய்

எல்லார் வீட்டிலும் போல எங்கள் வீட்டிலும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு பைக்குள் எல்லாப் பையும் இருக்கும். கறிவேப்பிலை வாங்கப் பை தேடினேன். மஞ்சள் துணிப்பை ஒன்று நாலாக மடித்து அடியில் திணித்திருந்தது. உதறினேன். ஒரு வெற்றிலை விழுந்தது. பையில் சிவப்பு எழுத்தில், மிருதுளா – பிரசன்னா, நிச்சயதார்த்தம், ஜூன் 27, லால்குடி.

குனிந்து வெற்றிலையை எடுத்துப் பைக்குள் திரும்பப் போட்டேன். ஹாலுக்குப் போய் இருவர் நடுவிலும் அந்தப் பையை வைத்தேன். நோட்டை எடுத்தேன். அவர்கள் சொன்னது சொன்னபடி கீழே.

பாஸ்கரன்: "என்ன வசு இது, எல்லாம் உன்கிட்ட சொல்லித்தானே பண்ணினோம். ஆடி பொறக்கறதுக்குள்ள முடிக்கணும்னு பேசினோமே. அன்னைக்குப் பாட்டில் நாள், நான் வரலை, நீங்க முடிச்சிட்டு வாங்கன்னு நீதான சொன்ன."

நான்: "நானா?"

மிருதுளா: "ஆமாம்மா. காலைல என்னைக் கூப்பிட்டு ஆசீர்வாதம்கூடப் பண்ணின. அழுத."

என் ஒரே பெண். அவள் நிச்சயத்துக்கு நான் போகவில்லை. போகாததும் ஞாபகம் இல்லை, ஆசீர்வாதம் செய்ததும் ஞாபகம் இல்லை. ஜூன் 27 பக்கத்தில் பாதி ஆரஞ்சுகூட இருக்கிறது, என் அழுகை இல்லை. இவருக்கு ஆபீஸில் இன்ஸ்பெக்‌ஷன் என்று எழுதியிருப்பதும் நானே தப்பாகக் கேட்டதாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பதிலை விட்டதற்கே நாற்காலியை விட்டு எழுந்து வந்தவள் நான். இது என் மகளின் நிச்சயம். இதையே விட்டிருக்கிறேன் என்றால் இனி என்னை எதற்கு நம்புவது.

மறந்தது: எண்ணத் தெரியவில்லை. மனம்: 1.

ஜூலை 3, புதன்

அழுதேனாம்.

ஜூலை 5, வெள்ளி

இவர் ஆபீஸ் போயிருந்தார். பதினொன்றரைக்கு வாசலில் ஓர் அம்மா. கையில் வாழைப்பழச் சீப்பு, ஸ்வீட் பாக்ஸ். மிருதுளா மாடியிலிருந்து ஓடி வந்தாள், முகம் வெளுத்துவிட்டது. செண்பகவல்லி என்று பெயர். பிரசன்னாவின் அம்மா. திருச்சியில் ஒரு வேலையாக வந்தார்களாம், சம்பந்தியைப் பார்க்காமல் போக மனசு வரவில்லையாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காது கேளாதவரிடம் பேசுவது போல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நான் பிரசன்னாவோட அம்மா. நாம இப்பத்தான் முதல்ல பாக்கறோம். அதனால ஞாபகம் இல்லையேன்னு கஷ்டப்பட வேணாம், என்ன?"

"சரிங்க" என்றேன்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்தப்ப ரொம்பத்தான் அடி பட்டிருச்சாமே தலையில. எல்லாம் சொன்னா மிருது. பாவம், கோர்ட்டுல அவ்வளவு நல்ல வேலை, அதையும் விட்டாச்சாம். என் தம்பி நடேசன்கூட அங்கதான் பெஞ்ச் கிளார்க்கா இருக்கான், பக்கத்துக் கோர்ட்டு. 'நான் இங்க மாறுதல்ல வந்து மூணு மாசந்தான் ஆவுது, அவங்களப் பாத்ததில்லையே'ன்னான். இனிமே எங்க பாக்கறதுன்னேன்."

நான் விழவில்லை. எந்த பாத்ரூமிலும், எந்த வருஷத்திலும். அது மட்டும் எனக்கு இந்த ஊர் மலைக்கோட்டை போலத் தெரியும்.

"நீங்க குடுத்தனுப்பின அரக்குப் பொடவைய அன்னைக்கு மிருது கட்டியிருந்தா. அம்மா வர முடியலைன்னாலும் அம்மா பொடவை வந்திருக்குன்னு எல்லார்கிட்டயும் சொன்னா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சு சம்பந்தி."

செண்பகவல்லிக்குப் பின்னால் மிருதுளா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் அசைத்தாள், வேண்டாம் என்று.

இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாததை நான் எழுதியதில்லை, நடக்காததைச் சொன்னதும் இல்லை. "ஆமாங்க. வழுக்கிருச்சு" என்றேன்.

அந்த அம்மா போன பிறகு கதவைத் தாழிட்டேன். மிருதுளா காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இவரும் ஆபீஸிலிருந்து வந்து சேர்ந்தார். இருவரும் மாறி மாறிச் சொன்னதன் சுருக்கம் இது. என் நோயைச் சொல்லி இரண்டு வரன் தட்டிப்போயிற்று. ரத்தத்தில் குறை, அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் இருக்கும், பேரனுக்கும் வரும் என்று கேட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்த பிரசன்னாவை இவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. அப்பாவும் மகளும் யோசித்து ஒரு நோயைத் தேர்ந்தெடுத்தார்கள். தலையில் அடி பரம்பரையில் வராது.

"மிருதுவோட ரத்தத்தை நாலு வருஷம் முன்னாடியே பாத்தாச்சே. எல்லாம் சரியா இருக்குன்னு ரிப்போர்ட்டே இருக்கே. அதைக் காட்ட வேண்டியதுதானே" என்றேன்.

"ரிப்போர்ட்ட யாரு வசு படிக்கிறாங்க. நோய் பேரைக் கேட்டதும் எந்திரிச்சிடறாங்க" என்றார்.

"அப்ப வெள்ளையடிக்கிறதைச் சொன்னது?"

அவர் புது வெள்ளை அடித்த சுவரைத் தடவிப் பார்த்தார்.

"நான் ஆசீர்வாதம் பண்ணினது?"

"நீ பண்ணியிருப்பேல்லம்மா" என்றாள் மிருதுளா. "கேட்டிருந்தா பண்ணியிருப்பேல்ல."

மூன்று வாரமாக நான் என் மண்டையைச் சந்தேகித்துச் செத்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மனம் எத்தனை என்று போட எண் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

யாரோடும் பேசவில்லை. ரசம் வைத்தேன். பத்து வார்த்தையும் வந்தது, நரியோடு சேர்த்து.

ஜூலை 13, சனி

இவர் காபியை என் முன்னால் வைத்துவிட்டு, வேலைக்கு என்ன அவசரம், இன்னும் ஒரு ஆறு மாசம் விடுப்பைப் போடேன் என்றார். கல்யாணம் ஆவணியில். ஆறு மாசத்தில் கல்யாணமும் முடிந்துவிடும், நானும் நிரந்தரமாக விழுந்துவிடுவேன். நடேசன் இருக்கிற வளாகத்தில் நான் போய் உட்கார்ந்து நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதினால் பாத்ரூம் கதை என்ன ஆகும் என்று இவருக்குக் கவலை. கவலை நியாயமானதுதான். காபியில் சர்க்கரை இல்லை. எனக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை அவர் மறந்திருக்கிறார், அதை யார் எழுதி வைப்பது.

ஜூலை 18, வியாழன்

பாட்டில் நாள், கடைசிச் சோதனையும் இன்றுதான். நான் தனியாகவே போனேன்.

கையில் ஊசியோடு எஸ்தர் மேடத்தின் கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். படங்கள், எண்கள், பின்னாலிருந்து எண்ணுவது, ஒரு கதையைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது. கதையை நிறுத்தற்குறிகளோடு சொன்னேன், அவர் சிரித்துவிட்டார். முடிவில் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க ஞாபகசக்தி உங்க வயசுக்காரங்கள்ல முக்கால்வாசிப் பேரை விட நல்லா இருக்கும்மா. பாட்டிலுக்கு முந்தின வாரம் கொஞ்சம் மந்தம், அது இந்த நோய்ல நிறைய பேருக்கு வர்றதுதான், வேலைக்குத் தடை இல்ல. மனசுதான் சரியில்ல. இந்த மூணு வாரத்துல ரொம்பக் கீழ போயிருக்கு." கோப்பைத் திறந்தார். "எனக்கு ஒண்ணுதான் பொருந்தலை. உங்க வீட்டுலேர்ந்து வந்த படிவம். அதுல இருக்கறவங்களையும் என் முன்னாடி உக்காந்திருக்கறவங்களையும் ஒரே ஆளுன்னு சொல்ல முடியலை."

"என் வீட்டுக்காரர் எழுதினது" என்றேன்.

படிவத்தை அவர் காட்டவில்லை, காட்டக் கூடாது. ஆனால் மேஜையில் கோப்பு திறந்திருந்தது. தலைகீழாக இருக்கும் தாளைப் படிப்பது கோர்ட்டில் இருப்பவர்களுக்குப் பழகிய வேலை. மறதி பற்றிய எல்லாக் கேள்விக்கும் 'எப்போதும்' என்ற கட்டத்தில் டிக். கீழே குறிப்பு என்ற இடத்தில், 'அம்மாவால் தனியாக இருக்க முடியாது. வேலைக்கு அனுப்புவது பாதுகாப்பில்லை.' பாஸ்கரனின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இது குண்டு குண்டாக, 'து'வுக்கு வாலை நீட்டி விட்டு எழுதியிருந்தது. அந்த வாலை ஒன்றாம் வகுப்பில் கையைப் பிடித்து எழுதிப் பழக்கியவள் நான்தான். தேதி ஜூன் 10.

மேடத்துக்கு நாட்குறிப்பை வாசித்துக் காட்டினேன், வெள்ளையடித்ததிலிருந்து பாத்ரூம் வரை. அவர் கேட்டு முடித்துக் கோப்பை மூடினார். சான்றைத் தட்டச்சு செய்யச் சொன்னார். திங்கட்கிழமை சேரலாம்.

சாயங்காலம் மிருதுளாவை மட்டும் உட்கார வைத்துச் சான்றைக் காட்டினேன். படிவத்தைப் பார்த்ததையும் சொன்னேன். அவள் சான்றை மடித்து என் பக்கம் நகர்த்தினாள்.

"நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா திங்கக்கிழமை வேலைக்குப் போவேன். அதுக்குள்ள நீயே போய் அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லு. உன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் எடுத்துட்டுப் போ. அவங்க நல்லவங்க, கேப்பாங்க" என்றேன்.

ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை நானே போய்ச் சொல்றேம்மா" என்றாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். பெற்ற மனசு என்ன செய்யும்.

ஜூலை 20, சனி

பென்சில்கள் சீவி வைத்தேன். இரண்டு காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டேன். மிருதுளா வந்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அம்மா, நீ கோர்ட்டுக்குப் போறப்ப ரொம்ப அழகா இருப்ப என்றாள். மனம் 8. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு லால்குடிக்குப் போனாள். ஒன்றரைக்குத் திரும்பினாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேம்மா."

"என்ன சொன்னாங்க?"

"புரிஞ்சுக்கிட்டாங்கம்மா. ஒண்ணும் பிரச்சினை இல்ல."

சேமியா பாயசம் வைத்தேன். இவர் இரண்டு டம்ளர் குடித்தார். மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று.

ஆறு மணிக்கு என் போனுக்கே செண்பகவல்லி கூப்பிட்டார். மிருதுளா கோயிலுக்குப் போயிருந்தாள். பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

"சம்பந்தி, மிருது வந்து எல்லாத்தையும் சொன்னா. நீங்க மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க, என்ன?"

"ரொம்ப சந்தோஷங்க" என்றேன். "மறைச்சதுக்கு மன்னிக்கணும்."

"இதுல என்ன இருக்கு. தலையில அடிபட்டா இப்படியெல்லாம் தோணுமாம், டாக்டரே சொன்னாராம். உங்களுக்கு ரத்தத்துல ஏதோ நோய் இருக்கு, அதுக்குத்தான் ஆஸ்பத்திரி போறேன்னு நீங்களே நெனைச்சுக்கிட்டு பயப்படறீங்களாமே. நாளைக்குப் பழைய ஞாபகத்துல கோர்ட்டுக்குக் கெளம்பினாலும் கெளம்புவாங்க, தடுத்தா அழுவாங்க, அதனால விட்டுட்டோம், நடேசன் மாமா பாத்துக்கிட்டாப் போதும்னு சொல்லி அழுதா புள்ள. அப்படி ஒரு நோயும் இல்ல சம்பந்தி உங்களுக்கு. தைரியமா இருங்க. நடேசன்கிட்ட சொல்லியிருக்கேன்."

போனை வைத்துவிட்டார். நான் சொன்னது என்னவென்று நோட்டில் பார்த்தேன். 'சரிங்க' என்று இருக்கிறது.

வழி திறந்துவிட்டது நான். அந்த வழியில் போய் அவள் என் வாயை அடைத்துவிட்டு வந்திருக்கிறாள். இனி நான் உண்மையைச் சொன்னால் அதுவே என் நோய்க்குச் சாட்சி. பதறிப்போய்ச் சொன்ன பொய் என்றால் பொறுத்துவிடலாம். இவள் ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, ஒரு மணி நேரம் போய், உட்கார்ந்து சொல்லிவிட்டு வந்து, நான் வைத்த பாயசத்தையும் குடித்திருக்கிறாள்.

கோயிலிலிருந்து வந்தவள் என் நெற்றியில் விபூதி வைத்தாள். நான் நாளைக்கு வேண்டிய டிபன் பாக்ஸைக் கழுவி வைத்தேன்.

ஜூலை 22, திங்கள்

பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். என் நாற்காலியின் கால் இன்னும் ஆடுகிறது. பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை ஒரு நிலத் தகராறில் சாட்சி விசாரணை. ஜட்ஜ் மெதுவாகச் சொல்லவா என்று கேட்டார், வழக்கம்போலச் சொல்லுங்கள் ஐயா என்றேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் வராந்தாவில் வந்து நின்றார். "நான் நடேசன், செண்பகவல்லியோட தம்பி" என்று மெதுவாக, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார். "சும்மா பாத்துட்டுப் போக வந்தீங்களாம்மா? வாங்க, ஆட்டோ பிடிச்சு விடறேன்."

"நான் வேலைக்கு வந்திருக்கேங்க. நான் விழவே இல்ல. எனக்கு ரத்தத்துலதான் நோய்."

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். குரலில் அவ்வளவு இரக்கம். டிபன் பாக்ஸைக்கூட என் கையிலிருந்து வாங்கி மூடிக் கொடுத்தார்.

ஐந்து மணிக்கு மறுபடி வந்தார். என்னை அழைத்துப்போய் வீட்டில் விடுவதாக அக்காவிடம் ஒப்புக்கொண்டிருப்பார் போல. நான் சாட்சியத்தின் கடைசித் தாளைத் தட்டச்சில் எடுத்துக்கொண்டிருந்தேன். மேஜையில் கிடந்த பிரதியை எடுத்துப் புரட்டினார். பதினெட்டுப் பக்கம். சர்வே எண், நான்கெல்லை, யார் யாருக்கு எந்த வருஷம் எழுதிக் கொடுத்தது, எல்லாம். பெஞ்ச் கிளார்க் கண்ணுக்குத் தப்பு தெரியாமல் போகாது. முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தார்.

"இதை யாரு எடுத்தது?"

"நான்தாங்க. காலைல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவர் குரல் நிறுத்தி நிறுத்தி வரவில்லை. "நீங்க எப்ப விழுந்தீங்கம்மா?"

"நான் விழலைங்க."

"அப்ப எங்க மருமகப் பொண்ணு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "மூணு வாரத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி எதுக்குப் போறீங்க?" என்று கேட்டார்.

யாரிடமும் போய்ச் சொல்ல மாட்டேன் என்று மகளிடம் சொல்லியிருந்தேன். போகவில்லை. கேட்டார், பதில் சொன்னேன். நோயின் பெயர், கண்டுபிடித்த வருஷம், மிருதுளாவின் ரத்தம் சுத்தமாக இருப்பது, எல்லாவற்றையும். எஸ்தர் மேடம் கொடுத்த சான்றையும் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நோயைச் சொல்லியிருந்தா எங்க அக்கா ஒருவேளை கேட்டிருப்பா" என்றார். எழுந்து போய்விட்டார்.

பஸ்ஸில் வரும்போது மிருதுளாவிடமிருந்து பதினோரு அழைப்பு. வீட்டுக்குள் நுழைந்ததும், "உனக்கு நான் முக்கியமா, அந்தச் சேர் முக்கியமாம்மா?" என்று கேட்டாள். அழவில்லை. இவர் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். புடவையை மாற்றிக்கொண்டு அரிசி களைந்து உலை வைத்தேன்.

எஸ்தர் மேடத்துக்கு அனுப்ப வேண்டிய கடைசித் தாள் ஒன்று பாக்கி இருந்தது. முதல் நாளிலிருந்து நினைவில் நிற்பதை எதையும் பார்க்காமல் எழுத வேண்டும். எழுதினேன். பாய், படகு, எலுமிச்சை, தபால், மூக்குத்தி, சாலை, கயிறு, மேகம், தட்டு, நரி. ஜூன் 10, திங்கள், மாலை ஏழேகால், சமையலறை, சின்ன வெங்காயம். என் மகள் சொன்னது: "உன்கிட்ட சொல்லாம நான் எதாவது பண்ணியிருக்கேனாம்மா?"

பிறகு முதல் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை.